உடையார்பாளையத்து இசைச்செல்வர் கனம் கிருஷ்ணையர்

திருக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்வித்தல் பெரும் புண்ணியம் என்பது ஆன்றோர் கொள்கை. காலத்தால் தளர்ந்த திருமதிலைத் திருத்துகிறோம், விமானத்தின் மேல் முளைத்த ஆலையும் அரசையும் அகற்றுகிறோம், அஷ்டபந்தனம் சாத்துகிறோம், கலசத்திற்குப் புதுப்பொலிவு ஊட்டுகிறோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு புதுப்பித்து வந்தால்தான் கல்லாற் கட்டிய கோயிலும் நிலைபெறும் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

கல்லுக்கே இந்நிலையாயின், காற்றில் எழுந்து காற்றில் மறையும் இசைக்கு என்ன நிலை? கோயிலைக் கட்டியவன் மறைந்தாலும் கோபுரம் நிற்கிறது. பாடியவன் மறைந்தால் பாட்டு எங்கே நிற்கும்? அது கேட்டவன் நெஞ்சிலும் கற்றவன் மிடற்றிலும்தான் நிற்க வேண்டும். ஆசிரியன் ஒருவனிடமிருந்து மாணாக்கன் ஒருவன் ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இசைக்கு ஒரு கும்பாபிஷேகம் நடைபெறுகிறது என்றே கூறலாம்.

இவ்வுண்மையை விளக்க வேறெங்கும் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. அரியலூரும் பெரம்பலூரும் சூழ்ந்த இந்நாட்டிலேயே பிறந்து, இந்நாட்டுச் சமஸ்தானம் ஒன்றிலேயே பெரும்புகழ் பெற்று விளங்கிய சங்கீத வித்துவான் ஒருவருடைய வரலாறு நமக்குச் சான்றாக உள்ளது. அவர்தாம் கனம் கிருஷ்ணையர். பாடுவதில் வல்லவர், பதங்களும் கீர்த்தனங்களும் இயற்றிய சாகித்திய கர்த்தா, மாணாக்கரை உருவாக்கிய நல்லாசிரியர். 1790 முதல் 1854 வரை வாழ்ந்தவர் என்று அவர் காலத்தை வரையறுப்பர்.

தெய்வங்களுக்குப் புகலளித்த ஊர்

கிருஷ்ணையரது வாழ்வை அறியப் புகுமுன் உடையார்பாளையத்தின் பெருமையைச் சிறிது அறிதல் வேண்டும். இப்பொழுது அரியலூர் மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர், முன்பு திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சார்ந்த பழைய ஜமீன்களுள் ஒன்றின் தலைநகராக இருந்தது. இராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழீச்சரத்தை எடுப்பித்த இடம் இதற்கு அணிமையிலேயே உள்ளது. ஊரின் நடுவே பயறணீசுவரர் திருக்கோயில் விளங்குகிறது.

இச்சமஸ்தானாதிபதிகள் 'காலாட்கள் தோழ உடையார்' என்னும் பட்டம் உடையவர்கள். தங்கள் பெயருக்கு முன்னே 'கச்சி' என்னும் அடைமொழியையும் இட்டு வழங்கினர். காஞ்சீபுரத்தோடு அவர்களுக்கு இருந்த பழந்தொடர்பை அது காட்டுகிறது. அத்தொடர்பு பெயரளவில் நின்றுவிடவில்லை. 1688ஆம் ஆண்டையொட்டிப் படையெடுப்பு நேருமோ என்ற அச்சம் காஞ்சியைச் சூழ்ந்தபொழுது, அந்நகரத்துத் திருவுருவங்கள் பாதுகாப்பின் பொருட்டு உடையார்பாளையத்துக் காட்டகத்திற்கு எழுந்தருளுவிக்கப்பெற்றன. வரதராஜப் பெருமாள் 1710ஆம் ஆண்டில் மீண்டும் காஞ்சிக்கு எழுந்தருளிய செய்தியை அக்கோயிற் கல்வெட்டு இன்றும் அறிவித்துக்கொண்டிருக்கிறது.

தெய்வங்களுக்குப் புகலளித்த அவ்வூரே பின்னர்க் கலைகளுக்கும் புகலளித்தது. நாடெங்கும் அரசுகள் நிலைகுலைந்து, ஆங்கிலக் கம்பெனியாரின் ஆட்சி வேரூன்றிய காலம் அது. பேரரசர்கள் ஆதரித்து வந்த புலவர்களையும் பாடகர்களையும் சிறிய ஜமீன்தார்களும் ஊர்ப் பெருமக்களுமே தாங்கவேண்டியிருந்தது. உடையார்பாளையத்தார் அக்கடமையை மனமுவந்து ஏற்றனர்.

பிறப்பும் பயிற்சியும்

இவ்வட்டாரத்தில் திருக்குன்றம் என்னும் ஊரில் கிருஷ்ணையர் பிறந்தார். இசைப் பயிற்சி அவருக்கு வீட்டிலேயே தொடங்கியது. பின்பு அவர் தஞ்சை சென்றார். இரண்டாம் சரபோஜி மன்னர் ஆட்சிபுரிந்த காலம் (1798–1832) அது. சங்கீத மும்மூர்த்திகள் வாழ்ந்த காலமும் அதுவே. அத்தகைய காலத்தில் தஞ்சை அரண்மனையில் இசை கேட்பதே ஒரு பெருங்கல்வியாக அமைந்தது. பைரவி ராகத்தில் அமைந்த தானவர்ணத்தால் புகழ்பெற்ற பச்சிமிரியம் ஆதியப்பையரிடம் கிருஷ்ணையர் பயின்றார் என்பது இசையுலகில் வழங்கும் மரபு. சியாமா சாஸ்திரிகளுக்கும் ஆதியப்பையரே ஆசிரியர் என்பர். எனவே ஒரே ஊற்றிலிருந்து இரண்டு பேராறுகள் பாய்ந்தன என்று கருதலாம்.

அக்காலத்தில் பாடும் முறையை மூன்று மார்க்கங்களாக வகுத்திருந்தனர். அவை கனம், நயம், தேசிகம் என்பன. இனிமையும் மென்மையும் தோன்றப் பாடுவது நயம். பல தேசத்து வழக்குகளையும் தழுவிப் பாடுவது தேசிகம். நாபியிலிருந்து எழும் நாதத்தைச் சிறிதும் தளரவிடாமல், கம்பீரமும் அழுத்தமும் தோன்றத் தானம் முதலியவற்றைப் பாடுவது கனம். மூன்றனுள்ளும் கனமார்க்கமே மிகவும் அரியது. அதற்குக் குரல்வளம் மட்டும் போதாது, தேகவன்மை வேண்டும், மூச்சை அடக்கி ஆளும் பயிற்சி வேண்டும், உணவிலும் உறக்கத்திலும் நியமம் வேண்டும். சுருங்கச் சொன்னால், அது யோகப் பயிற்சி போன்றது.

பொப்பிலி தந்த வித்தை

ஆந்திர தேசத்துப் பொப்பிலியிலிருந்து கேசவையா என்னும் மகாவித்துவான் ஒருவர் தஞ்சைக்கு வந்தார். சென்ற இடமெல்லாம் வெற்றிகொண்டு விருதுகள் பெற்றவர் அவர். சியாமா சாஸ்திரிகளோடு அவர் வாதிட்ட கதையை இசையன்பர்கள் அறிவார்கள். அவர் கனமார்க்கத்தில் வல்லவர். சபையில் அவர் பாடியதைக் கேட்ட மன்னர் வியப்புற்றார். "நம் சமஸ்தானத்து வித்துவான்களுள் இம்முறையைக் கற்றுக்கொள்ளக்கூடியவர் எவரேனும் உண்டா?" என்னும் கேள்வி அப்பொழுது எழுந்தது.

சபையில் இருந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் தயங்கினார்கள். அம்மார்க்கத்தின் அருமையை உணர்ந்திருந்தமையே தயக்கத்திற்குக் காரணம். அந்நிலையில் இளைஞராகிய கிருஷ்ணையர் தாம் கற்பதாக முன்வந்தார். கேசவையாவிடம் அம்முறையின் நுட்பங்களை அறிந்துகொண்டார்.

அறிந்துகொண்டால் மட்டும் போதுமா? அறிந்ததைத் தம் உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டுமே! அதற்குத் தனிமை வேண்டும், கவலையற்ற உணவு வேண்டும், காலம் வேண்டும். இவற்றை அளித்தவர் கபிஸ்தலத்துப் பெருநிலக்கிழாராகிய இராமபத்திர மூப்பனார். காவிரிக்கரையில் உள்ள அவ்வூரில் அவருடைய ஆதரவில் தங்கிக் கிருஷ்ணையர் இடைவிடாது சாதகம் செய்தார். பின்பு தஞ்சைச் சபைக்குச் சென்று கனமார்க்கத்தைப் பாடிக் காட்டினார். அன்றுமுதல் 'கனம்' என்னும் அடைமொழி அவர் பெயரோடு இணைந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. பாடியவர் கிருஷ்ணையர், கற்பித்தவர் கேசவையா, ஆனால் மூப்பனார் இலராயின் அவ்வித்தை முற்றுப்பெற்றிருக்குமா? ஒரு நாட் பாட்டிற்குப் பொன்னாடை போர்த்தும் தருமவான்கள் பலர் இருந்தனர். ஒருவர் பாட்டைக் கற்று முடிக்கும்வரை அவருக்குச் சோறிட்டுக் காத்தவர் மூப்பனார். இத்தகைய கொடையின் அருமையை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் நினைவுகூர்வோம்.

திருவிடைமருதூரில்

தஞ்சை அரியணையை 1798இல் இழந்த அமரசிங்க மன்னர் திருவிடைமருதூரில் வந்து வாழ்ந்தார். அவர் மறைந்த பின்னும் அவர் வழியினரது அரண்மனை இசைவாணர்களின் இருப்பிடமாக விளங்கியது. கனம் கிருஷ்ணையர் அங்கேயும் சிலகாலம் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனத்தால் தமிழுள்ளம் அனைத்தையும் உருக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார், தம் இளமையில் திருவிடைமருதூரில் இருந்தபொழுது கிருஷ்ணையரது பாட்டைக் கேட்டுப் பயனடைந்தார். கேள்வியும் ஒருவகைக் கல்வியே அன்றோ? கிருஷ்ணையர் பாரதியாருக்கு முறையாகப் பாடம் சொல்லவில்லையெனினும், ஒரு பெரும்பாடகரின் நாதம் மற்றொரு பெருங்கவிஞரின் செவியில் விதையாக விழுந்தது என்று கொள்வதில் தவறில்லை.

உடையார்பாளையத்து ஆஸ்தானம்

எங்குச் சென்றாலும் ஆறு கடலை நோக்கியே ஓடும். கிருஷ்ணையரும் தாம் பிறந்த நாட்டிற்கே மீண்டார். உடையார்பாளையத்தில் அப்பொழுது ஆட்சிபுரிந்த கச்சி ரங்கப்ப உடையார் அவரைத் தம் ஆஸ்தான வித்துவானாக ஏற்றுப் போற்றினார். கிருஷ்ணையருடைய பெயரோடு உடையாருடைய பெயரும் இசையுலகில் நிலைபெற்றது. அவருடைய பதங்கள் பலவற்றில் கச்சி ரங்கரே பாட்டுடைத் தலைவர்.

பதம் என்னும் சாகித்திய வகையைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறுதல் வேண்டும். நாயகனைப் பிரிந்த நாயகியின் கூற்றாகவும், தோழியிடம் அவள் சொல்லும் முறையீடாகவும், ஊடலாகவும் பதங்கள் அமையும். மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு அவை சிருங்காரமாகவே தோன்றும். நம் சமயாசாரியர்களும் ஆழ்வார்களும் தம்மை நாயகியாகவும் இறைவனை நாயகனாகவும் பாவித்துப் பாடியதை அறிந்தவர்களுக்கு அப்பாவத்தின் உட்பொருள் விளங்கும். ஜீவன் ஈசனை நாடும் தவிப்பையே நாயகியின் வாய்மொழியாகப் பெரியோர் வெளியிட்டனர். அந்த மரபின் வழிவந்த கிருஷ்ணையர் சில பதங்களில் தம்மை ஆதரித்த பிரபுவை நாயகனாக வைத்தார். வேறு பலவற்றில் முருகப்பெருமானையும் சிவபெருமானையும் நாயகராக வைத்தார். புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீசுவரன் கோயிலில் எழுந்தருளியுள்ள முத்துக்குமாரசுவாமியினிடத்து அவருக்குப் பெரிதும் ஈடுபாடு உண்டு.

பைரவி ராகத்தில் அமைந்த 'வேலவரே' என்னும் பதம் இன்றளவும் வித்துவான்களாலும் நாட்டியக் கலைஞர்களாலும் போற்றப்படுகிறது. கல்யாணியில் அமைந்த 'பாரெங்கும் பார்த்தாலும்' என்பதும் அத்தகையதே. தமிழில் பதம் பாடும் அவாவுடையோர் இவற்றை அறியாமல் இருக்கமாட்டார்கள். ராகத்தின் உருவம் முதலெடுப்பிலேயே தெள்ளத்தெளிய விளங்குவதும், பேசும் தமிழுக்கு அணித்தாகச் சொற்கள் அமைவதும், தாளம் விரையாமல் யானை நடைபோல் அமைவதும் இவருடைய பதங்களின் இயல்பு. கனமார்க்கத்தில் தோய்ந்த உள்ளம் உடையவராதலின், சாகித்தியத்திலும் அந்த நிதானம் வந்து பொருந்தியது.

இரு பெரியோர் சந்திப்பு

கிருஷ்ணையர் திருவையாற்றிற்குச் சென்று தியாகராஜ சுவாமிகளைக் கண்டு வணங்கினார் என்றும், அங்கே அடாணா ராகத்தில் சுவாமிகளின் கீர்த்தனத்தைக் கேட்டு மகிழ்ந்தார் என்றும், அதன் பயனாக அதே ராகத்தில் 'சும்மா சும்மா வருமா' என்று தொடங்கும் சாகித்தியத்தைத் தமிழில் இயற்றினார் என்றும் வரலாறு வழங்குகிறது. திருவொற்றியூர்த் தலத்தில் எழுந்தருளியுள்ள தியாகேசர்மீது இவர் இயற்றிய பதமும் அடாணாவிலேயே அமைந்துள்ளது.

வித்துவான்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் போட்டியே விளையும் என்று கருதுவது உலகியல்பு. ஈண்டோ ஒருவர் தெலுங்கில் பாடினார். மற்றவர் தமிழில் பாடினார். ஒருவர் எந்த மன்னனையும் நாடாமல் உஞ்சவிருத்தியால் வாழ்ந்தவர். மற்றவர் சமஸ்தானத்தில் இருந்தவர். வழி வேறாயினும் ஒருவர் பாட்டு மற்றவர் உள்ளத்தில் புதியதொரு பாட்டைப் பிறப்பித்தது. பெரியோர் கேண்மை என்பது இதுவே.

ஆசிரியர் கிருஷ்ணையர்

பாடகராகவும் சாகித்திய கர்த்தாவாகவும் புகழ்பெற்ற இவரை, ஆசிரியராகவும் நாம் வணங்கவேண்டும். உண்மையில் அந்த மூன்றாவது பெருமையினாலேயே முதல் இரண்டும் நமக்குத் தெரியவந்தன.

கும்பகோணத்திற்கு அணிமையிலுள்ள உத்தமதானபுரத்தைச் சார்ந்த வேங்கடசுப்பையர் என்பவர் கிருஷ்ணையருக்கு உறவினர். இசையில் விருப்பம் மிக்கவராகிய அவர், இளமையில் உடையார்பாளையம் வந்து கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்தார். குருகுலவாசம் என்பது குறித்த நேரத்தில் சென்று பாடம் கேட்டுத் திரும்புவதன்று. ஆசிரியர் வீட்டில் தங்கி, அவர் ஏவிய பணிகளைச் செய்து, அவர் பாடும்பொழுது உடனிருந்து கேட்டு, அவர் அயர்ந்திருக்கும்பொழுது கேட்டதைத் தமக்குள் பாடிப் பார்த்து, பிழைபட்டால் திருத்தம் பெற்றுக் கற்பது. ஸ்வரப்படுத்தி எழுதும் வழக்கம் பரவாத காலம், ஆசிரியரே புத்தகம். அவர் அன்றைக்கு எந்தப் பக்கத்தைத் திறக்கிறாரோ அந்தப் பக்கமே அன்றைய பாடம்.

இவ்வாறு பல்லாண்டு பயின்ற வேங்கடசுப்பையர் தம் ஆசிரியரின் கீர்த்தனங்களை வரப்படுத்திக்கொண்டார். பின்னர் அவர் இந்தப் பகுதியிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அரியலூர், குன்னம், கார்குடி முதலிய ஊர்களில் தங்கி இராமாயணப் பிரசங்கம் செய்தார். கம்பர் கவிகளையும் அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனங்களையும் பாடிப் பொருள் கூறுவார். ஊர்மக்கள் மாலைதோறும் கூடிக் கேட்பார்கள். பட்டாபிஷேகம் முடிந்ததும் அவரவர் ஆற்றலுக்கேற்பத் தானியமும் பணமும் தொகுத்து அளிப்பார்கள். செல்வச் செருக்கில்லாத அவ்வூர்களில் சங்கீதமும் பக்தியும் தமிழும் இவ்வாறுதான் வளர்ந்தன. தஞ்சை அரண்மனையில் முழங்கிய மார்க்கத்தில் தோய்ந்த பாட்டு, குன்னத்துத் திண்ணையில் உழவர்களின் செவிக்கு எட்டியது என்றால், அதற்கு ஒரு மாணாக்கரே பாலமாக இருந்தார்.

மாணாக்கர் பெற்ற செல்வம்

அவ்வேங்கடசுப்பையருடைய குமாரர்தாம், தமிழன்னையின் இழந்த அணிகலன்களைத் தேடித் தந்த மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். கனம் கிருஷ்ணையர் மறைந்தது 1854 என்பர். சாமிநாதையர் பிறந்தது 1855. எனவே கிருஷ்ணையரை அவர் கண்ணாற் கண்டதில்லை; அவர் பாட்டைக் காதாற் கேட்டதுமில்லை. அவருக்குக் கிடைத்ததெல்லாம் தம் தந்தையாரின் வாய்வழி வந்ததே.

சாமிநாதையரது இளமைக் கல்வி பெரும்பாலும் இந்நாட்டு ஊர்களில்தான் நிகழ்ந்தது. அரியலூரில் சடகோபையங்கார் என்னும் பெரியார் அவருக்குத் தமிழ் கற்பித்தார். அவர் தமிழோடு சங்கீதத்திலும் தேர்ந்தவர். பாட்டின் பொருளையும் இசையையும் பிரிக்காமல் ஊட்டியவர். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், பெரம்பலூரைச் சார்ந்த செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடங்கேட்டார். இவர்களுள் எவரும் பெரிய கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தவர் அல்லர். தத்தம் ஊரில், தத்தம் வீட்டில் இருந்துகொண்டு, நாடி வந்த சிறுவனுக்குத் தாம் அறிந்ததை ஒளிக்காமல் கொடுத்தவர்கள். அரியலூரும் பெரம்பலூரும் கல்வியில் பின்தங்கிய பகுதிகள் என்று எளிதிற் கூறுபவர்கள் இந்தப் பெயர்களை ஒருமுறை நினைத்துப் பார்ப்பார்களாக.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்த சாமிநாதையர், அவ்வூரிலிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிதுகாலம் சங்கீதமும் பயின்றார். தமிழ்ப் படிப்பிற்கு இசைப் பயிற்சி இடையூறாகும் என்று பிள்ளையவர்கள் கருதியமையால் அது நின்றது. ஆயினும் இசையின்மீது கொண்ட பற்று அவரை விட்டு நீங்கவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், புறநானூறு முதலிய பெருநூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய அக்கை, முதுமையில் தம் முன்னோர்க்குரிய ஒரு கடனையும் தீர்த்தது. 1936ஆம் ஆண்டில் 'கனம் கிருஷ்ணையர்' என்னும் சரித்திரத்தை அவர் வெளியிட்டார். தம் தந்தையார் வாயிலாகவும் பிறர் வாயிலாகவும் அறிந்த செய்திகளையும், கிடைத்த சாகித்தியங்களையும் அதில் தொகுத்தளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகியோரின் சரித்திரங்களையும் அவர் எழுதினார்.

கிருஷ்ணையர் மறைந்து எண்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அவர் வரலாறு நூலாயிற்று. இடையில் அது எங்கே இருந்தது? செப்பேட்டில் இல்லை, கல்வெட்டில் இல்லை. ஒரு மாணாக்கரின் நினைவிலும், அவர் மகனின் நன்றியிலும் இருந்தது.

எஞ்சியதும் மறைந்ததும்

இவ்வரலாற்றில் மகிழ்ச்சிக்கு இடமிருப்பதுபோலவே வருத்தத்திற்கும் இடமுண்டு. கிருஷ்ணையரது சாகித்தியங்களுட் சில இன்றும் பாடப்படுகின்றன. நம் சங்கீத வித்துவான்களும், நட்டுவனார் பரம்பரையினரும், பதங்களைக் கண்போற் காத்த வீணை தனம்மாளின் குடும்பம் போன்ற இசைக் குடும்பத்தினரும் ஆகிய பலருடைய உழைப்பால் தமிழ்ப் பதங்கள் நம் காலம்வரை வந்துள்ளன. ஆனால் அவர் பெயருக்கு முன்னே நிற்கும் 'கனம்' என்னும் மார்க்கம் எங்கே? அதனை முழுமையாகப் பாடிக் காட்டும் பரம்பரை இன்று இல்லை. பெயர் நிற்கிறது, பெயருக்குக் காரணமான நாதம் மறைந்துவிட்டது. சொல் ஏட்டில் ஏறியது. மூச்சு ஏட்டில் ஏறவில்லை.

காரணம் யாது? அம்மார்க்கம் பல்லாண்டுச் சாதகத்தை வேண்டுவது. ஆதரித்த சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக மங்கின. வயிற்றுக்கு வழி தேடிய மாணாக்கர் விரைவிற் பயன் தரும் முறைகளை நாடினர். ஒரு தலைமுறையில் ஒருவரேனும் முழுமையாக ஏற்றுக்கொள்ளாத கலை, அடுத்த தலைமுறைக்கு வெறும் பெயராகவே போய்ச் சேரும். கோயிலில் ஒரு குடமுழுக்குத் தவறினால் அடுத்த குடமுழுக்கில் சரிசெய்துகொள்ளலாம். இசையில் ஒரு தலைமுறை தவறினால் மீட்பதற்கு வழியில்லை.

பிற நாட்டார் இதனை உணர்ந்து செயலாற்றினர். வடநாட்டில் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901ஆம் ஆண்டில் லாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தை நிறுவினார். அவரிடம் பயின்றவர் கூர்ஜர தேசத்தில் 1897இல் பிறந்த பண்டித ஓங்கார்நாத் தாக்கூர். பாடகராகவும் ஆசிரியராகவும் விளங்கிய அவர், காசி இந்து சர்வகலாசாலையின் இசைக் கல்லூரிக்குத் தலைமை தாங்கி, 'சங்கீதாஞ்சலி' என்னும் பாடநூல் வரிசையை எழுதி, தாம் கற்ற மரபை அடுத்த தலைமுறைக்கு ஒழுங்குபடுத்தித் தந்துவிட்டு 1967இல் மறைந்தார். நம் தமிழ்நாட்டிலும் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரவர்கள் 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார்கள். இவையெல்லாம் பாட்டிற்குக் கொடுத்த பரிசுகள் அல்ல. பாட்டைக் கற்பிப்பதற்குக் கொடுத்த கொடைகள்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இக்கும்பாபிஷேகத்தின்பொருட்டுப் பொருளும் உழைப்பும் மனமுவந்து அளித்த அன்பர்களின் தொண்டு அளவிடற்கரியது. கல்லும் சுதையும் புதுமை பெற்றன, கலசம் ஒளிர்கிறது, மேளவாத்தியம் முழங்குகிறது. இனிக் கோயிலுக்குள் ஒலிக்கவேண்டிய நாதத்தைப் பற்றியும் நாம் கவலைகொள்ளல் வேண்டும்.

திருமழபாடியும் திருப்பழுவூரும் போன்ற பாடல்பெற்ற தலங்கள் பொலியும் நாடு இது. தேவாரம் பண்ணோடு ஒலித்த மண்டபங்களில் அது நாள்தோறும் ஒலிக்க வேண்டாவா? திருவிழாவில் ஓரிரவு இசைக் கச்சேரி வைப்பது நன்றே. புகழ்பெற்ற வித்துவான் ஒருவர் வந்து பாடிச் செல்வார். நாமும் கேட்டு மகிழ்வோம். மறுநாள் பந்தல் பிரிக்கப்படும். அச்செலவில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஒதுக்கி, ஊரிலேயே தங்கிச் சிறுவர் சிறுமியர்க்குத் திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் கீர்த்தனமும் கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கு அளிப்போமானால், அப்பந்தல் என்றும் பிரிக்கப்படாத பந்தலாகும். பத்துக் குழந்தைகள் கற்று ஒன்பது குழந்தைகள் மறந்தாலும் குறையில்லை. எஞ்சிய ஒரு குழந்தையே வேங்கடசுப்பையராகும். அதன் குழந்தை ஒரு சாமிநாதையராகவும் கூடும்.

கபிஸ்தலத்து மூப்பனார் கிருஷ்ணையரின் சாதகத்திற்கு அளித்த உணவு எவ்வளவு என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. குன்னத்து மக்கள் வேங்கடசுப்பையருக்கு அளந்த தானியம் எத்தனை மரக்கால் என்பதையும் எவரும் கல்லில் வெட்டிவைக்கவில்லை. ஆயினும் அவற்றின் பயன் இன்றும் பைரவியாகவும் கல்யாணியாகவும் அடாணாவாகவும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கற்பவனுக்கு இட்ட சோறு பாட்டாக விளைந்தது. அத்தகைய கொடைக்கு இந்நாடு புதியதன்று; முன்னோர் செய்துகாட்டிய வழியே நம் முன்னர்க் கிடக்கிறது.

நாதவடிவாய் விளங்கும் இறைவன், இம்மண்ணிற் பிறந்த கனம் கிருஷ்ணையரின் திருப்பெயர் என்றும் மறையாதிருக்கவும், இத்திருக்கோயிலில் பண்ணொலி தலைமுறை தலைமுறையாக ஓங்கவும், அதற்குத் துணைநிற்கும் அன்பர்கள் எல்லா நலங்களும் பெற்று வாழவும் திருவருள் பாலிப்பானாக.